பாசி எடுக்கும் அம்மாவின் காலை டம்ளர்: சர்க்கரை நோயாளிக்கான பழ ஸ்மூத்தி, ஒரு நிகழ்வு ஆய்வு

மே மாதத்தில் ஒரு நாள் காலை பத்தரை மணி. மண்டபம் பக்கத்துக் கடற்கரையில் பாசி எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவுக்கு இடுப்பளவுத் தண்ணீரில் கண் இருட்டிவிட்டது. கூட வந்த பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்து வல்லத்தில் ஏற்றியிருக்கிறார்கள். ஒருவர் தன் தூக்குவாளியில் இருந்த சீனி போட்ட கடுங்காப்பியைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. "வெறும் வயித்தோடயா வந்த?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்தான் இந்த நிகழ்வை என்னிடம் கொண்டுவந்தது.

"வெறும் வயிறா? பெரிய டம்ளர் நிறையப் பழக்கூழு குடிச்சுட்டுல்ல வந்தேன்."

நான் ராமநாதபுரத்தில் உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அந்த அம்மாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் அடையாளம் காட்டும் மற்ற விவரங்களையும் விட்டுவிட்டேன்.

வயது 57. சர்க்கரை நோய் வந்து ஒன்பது வருஷம். மாத்திரை இரண்டு: காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அவரும் ஒரு வேளை தவறாமல் போடுகிறார். சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தது. ரத்த அழுத்தம் இல்லை. வாரத்தில் நான்கைந்து நாள் கடலுக்குப் போகிறார். கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டிக்கொண்டு பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை முக்குளித்துப் பறிக்கும் வேலை. கடல்பாசி ஜெல்லியான அகர் தயாரிக்க வாங்கிப் போகிறார்களே, அந்தப் பாசி. காலை ஆறரைக்கு வல்லம் கிளம்பினால் கரை திரும்பப் பகல் ஒரு மணி ஆகும். அத்தனை நேரமும் உப்புத் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துச் செய்கிற உழைப்பு.

இன்னொரு விவரம்தான் இந்த நிகழ்வுக்கு அச்சாணி. அவருக்குக் கடைவாய்ப் பற்கள் இல்லை. கொய்யாவையோ ஆப்பிளையோ கடித்து மெல்ல முடியாது. வழக்கமாக என்னிடம் வருகிறவர்களிடம் ஸ்மூத்தி வேண்டாம், பழத்தைக் கடித்துத் தின்னுங்கள் என்றுதான் சொல்வேன். இவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. சென்னையில் இருக்கும் மகள் அம்மாவுக்காகவே மிக்ஸி வாங்கி அனுப்பி, எப்படி அரைப்பது என்று போனில் காட்டியும் கொடுத்திருந்தார். அக்கறையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டம்ளருக்குள் போனதில்தான் சிக்கல்.

டம்ளருக்குள் இருந்தது

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. தினமும் செய்வதுபோலவே என் கண்முன்னால் செய்து காட்டச் சொன்னேன். இரண்டு வாழைப்பழம், நான்கு பேரீச்சம்பழம், ஒரு கோப்பைப் பால், உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு கருப்பட்டி. எல்லாம் அரைபட்டு 400 மில்லி எவர்சில்வர் டம்ளரில் நுரை தளும்ப வந்தது. நின்றபடியே குடித்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுப்படியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வாழைப்பழச் சதை 140 கிராம் என்றால் மாவுச்சத்து 32 கிராம். பேரீச்சை நான்கில் 20. பால் 200 மில்லியில் 10. கருப்பட்டி 15 கிராமில் 13. ஆக மொத்தம் 75 கிராம். இட்லிக் கணக்கில் சொன்னால் ஏழு இட்லி. ஏழு இட்லியை இரண்டு நிமிஷத்தில் யாராலும் தின்ன முடியாது. பல் இல்லாதவரால் நிச்சயம் முடியாது.

ரத்தச் சர்க்கரையை அளந்தேன். வெறும் வயிற்றில் 164. குடித்து இரண்டு மணி நேரத்தில் 298. நாலரை மணி நேரத்தில் 112. வீட்டில் உட்கார்ந்திருந்த நாளிலேயே இவ்வளவு ஏறி இவ்வளவு இறங்குகிறது. கடலில் உழைக்கிற நாளில் அந்த 112 எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். (அளவுகள் எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.) மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.1 சதவீதம். கண் இருட்டிய அன்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அதனால் அது தாழ் சர்க்கரைதான் என்று நான் எழுத்தில் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் நடுக்கம், வியர்வை, சீனிக் காப்பி குடித்ததும் தெளிந்தது எல்லாம் அந்தப் பக்கம்தான் கை காட்டின. மருத்துவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"கருப்பட்டிதானே தாயி போடுறேன், சீனியைத் தொடுறதே இல்லையே" என்றார். இந்த வாக்கியத்தை இந்தக் கரையில் நான் கேட்காத வாரம் இல்லை. சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் காய்ச்சுகிற கருப்பட்டியின் மணத்துக்கு நானும் அடிமைதான். ஆனாலும் பதநீரைச் சுண்டக் காய்ச்சினால் மிஞ்சுவதில் பெரும்பகுதி சுக்ரோஸ். சீனியில் இருப்பதும் அதுவே. கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக இருக்கலாம், ரத்தச் சர்க்கரை அதற்காகச் சலுகை காட்டாது. தேனுக்கும் இதே கதைதான். உலக சுகாதார அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தேனையும் பழச்சாற்றையும் சீனியோடு ஒரே பட்டியலில்தான் வைத்தது. கடித்துத் தின்னும் முழுப்பழத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை.

மிக்ஸி என்ன செய்கிறது

பழம் அதே பழம், அரைத்தால் மட்டும் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் ஒரு பழைய ஆய்வைச் சொல்வேன். 1977இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆரோக்கியமான பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுசாக, மசித்து, சாறாக. மூன்றிலும் மாவுச்சத்து 60 கிராம்தான். முழு ஆப்பிளைத் தின்பதைவிடச் சாற்றை 11 மடங்கு வேகமாகக் குடித்துவிட முடிந்தது. மசித்ததை உண்பதைவிட 4 மடங்கு வேகம். வேகத்தைச் சமமாக்கிப் பார்த்தபோதும் வயிறு நிறைந்த உணர்வு முழுப்பழத்தில்தான் அதிகம், சாற்றில்தான் குறைவு.

சர்க்கரை ஏறிய உயரம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சாற்றுக்கும் மசியலுக்கும் உடம்பு கூடுதலாக இன்சுலினைச் சுரந்தது. அதற்குப் பிறகு சாறு குடித்தவர்களுக்குச் சர்க்கரை சடாரென்று கீழே விழுந்தது. மசித்ததைச் சாப்பிட்டவர்களுக்குக் கொஞ்சம் விழுந்தது. முழுப்பழம் தின்றவர்களுக்கு அந்த வீழ்ச்சியே இல்லை.

சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வு இது; அப்படியே இந்த அம்மாவுக்குப் பொருத்த முடியாது. அவருடைய இறக்கத்தில் கிளிமிபிரைடுக்கும் கடல் உழைப்புக்கும் பெரிய பங்கு உண்டு. இருந்தாலும் அன்று காலை நான் பார்த்த 298க்கும் 112க்கும் நடுவில் அந்த ஆப்பிள்சாறு என் நினைவில் ஓடிக்கொண்டே இருந்தது.

மிக்ஸியின் பிளேடு நார்ச்சத்தை இல்லாமல் ஆக்கிவிடாது, பொடிப்பொடியாக்கும், அவ்வளவுதான். பழத்தின் செல்சுவருக்குள் அடைபட்டிருந்த சர்க்கரை வெளியே வந்துவிடுகிறது. மெல்லும் வேலை மிச்சமாவதால் குடிக்கும் வேகம் கூடுகிறது. ஒரே மூச்சில் இரண்டு மூன்று பழம் உள்ளே போகிறது. விதையோடு சேர்த்து அரைத்த சில பழங்கள் முழுப்பழத்தைவிடச் சர்க்கரையை அதிகம் ஏற்றவில்லை என்று காட்டிய சிறிய ஆய்வுகளும் உண்டு. அவையும் ஆரோக்கியமானவர்களிடம் நடந்தவையே. அதை நம்பி ஒரு சர்க்கரை நோயாளிக்கு டம்ளரைப் பெரிதாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, எனக்கு முன்னால் இருந்தது மூன்று வேலைகள். பழத்தின் அளவைக் குறைக்க வேண்டும். நாரும் புரதமும் கொழுப்பும் கொஞ்சம் சேர்த்து ஏறும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்புறம், இந்த டம்ளர் காலை உணவின் ஒரு பகுதியின் இடத்தைப் பிடிக்க வேண்டும். உணவுக்கு மேல் கூடுதலாக வரக் கூடாது.

என் முதல் தவறு

மூன்றையும் தெரிந்துவைத்துக்கொண்டே நான் முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பையில் இருந்த அச்சடித்த தாளை எடுத்துக் கொடுத்தேன். ஒரு ஆப்பிள், நாலு கரண்டி ஓட்ஸ், ஒரு கோப்பைப் பால், ஆறு பாதாம், ஒரு ஸ்பூன் சியா விதை. பார்க்க அழகான செய்முறை. கூட்டிப் பார்த்தால் ஆப்பிளில் 25, ஓட்ஸில் 20, பாலில் 10, மாவுச்சத்து மட்டும் 55 கிராம். கருப்பட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓட்ஸை வைத்திருக்கிறேன், வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு மணி நேர அளவு 246.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றும் அதில் இருந்தது. அப்போது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த அம்மாவின் மகன் விசைப்படகுத் தொழிலாளி. வீட்டில் அவர் ஒருவர் பாசி எடுத்து வருகிற காசுதான். அந்த வீட்டில் ஆப்பிளும் பாதாமும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று நாள் செய்துவிட்டுப் பழைய டம்ளருக்கே திரும்பிவிட்டார். "கோவிச்சுக்காதீங்க தாயி, கட்டுப்படியாகல" என்று அவர் சொன்னபோது எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கோபித்துக்கொள்ள வேண்டியவர் அவர்.

அன்று தாளை மடித்து வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கொல்லையில் ஒரு பப்பாளி மரம். அடுப்படி டப்பாவில் தோலோடு வறுத்த நிலக்கடலை. பக்கத்து வீட்டில் மாடு இருப்பதால் உறை ஊற்றிய தயிர் தினமும் கிடைக்கும். தெருவில் சைக்கிளில் கொய்யா வரும். சப்ஜா விதை மட்டும் நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டும். ஒரு பொட்டலம் வாங்கினால் ரொம்ப நாளைக்கு வரும். இவ்வளவு போதும்.

வடிகட்டியும் கோழிகளும்

முதலில் பப்பாளியும் தயிரும் மட்டும் அரைத்தோம். அளவு நன்றாக வந்தது, ஆனால் ஒன்பது மணிக்கே பசித்துவிட்டது. கடலை சேர்த்ததும் பசி அடங்கியது. பப்பாளி காய்க்காத வாரத்தில் கொய்யாவுக்கு மாறச் சொன்னேன். அங்கேதான் ஒரு புதிர். பப்பாளி நாட்களில் 170ஐ ஒட்டி நின்ற அளவு, கொய்யா நாட்களில் 231, 226 என்று வந்தது. கொய்யாவில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 14 கிராம்தான், நார் மட்டும் 5 கிராமுக்கு மேல். பப்பாளியைவிட அது மெதுவாக ஏற்ற வேண்டும். கணக்கு எங்கேயோ இடித்தது.

நேரில் போய்ப் பார்த்தபோது விடை கொல்லையில் கிடந்தது. கோழிகள் நான்கைந்து ஒரு சிவந்த சக்கைக் குவியலைக் கொத்திக்கொண்டிருந்தன. கொய்யா விதை ஈறில் குத்துகிறது என்று டீ வடிகட்டியில் வடித்துச் சக்கையைக் கோழிக்குப் போட்டிருக்கிறார். வடித்தால் டம்ளர் பாதிதான் நிறைகிறது. அதனால் ஒன்றுக்கு மூன்று பழம் போட்டிருக்கிறார். நாரெல்லாம் கோழிக்கும், மூன்று பழத்துச் சர்க்கரை இவருக்கும்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. வலிக்கிற ஈறுக்கு வழி சொல்லாமல் வடிக்காதே என்றால் எப்படி? அதனால் பழத்தை இரண்டாக வெட்டி, நடுவில் இருக்கும் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுக்கச் சொன்னேன். அதை மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டுவது. தோலும் சதையும் வடிகட்டிப் பக்கமே போகக் கூடாது, நேராக மிக்ஸிக்குத்தான். விதையோடு கொஞ்சம் நார் போகும், பரவாயில்லை. ஒரே பழத்தில் டம்ளர் நிறைந்தது. அதன் பிறகு கொய்யா நாள்களிலும் அளவு 170, 175க்குள் நின்றது.

287 காட்டிய காலை

ஜூன் கடைசியில் விடியற்காலையில் போன். குரலில் பயம். "எல்லாம் சரியாத்தானே செஞ்சேன், இன்னும் குடிக்கக்கூட இல்ல, 287 காட்டுது தாயி." முந்தின நாள் இரவு என்ன சாப்பிட்டார், மாத்திரை போட்டாரா, காய்ச்சல் உண்டா என்று நான் வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில். கடைசியில்தான், ஊசி குத்துவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது.

பப்பாளி நறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"கை கழுவினீங்களா?"

"ஸ்பிரிட்டு பஞ்சு வச்சு நல்லாத் துடைச்சேனே."

அவருடைய தெருவில் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தத் தண்ணீரில் விடியற்காலையில் கை கழுவ யாருக்கும் மனசு வராது. பஞ்சால் துடைப்பது அவருக்கு இயல்பான சிக்கனம். ஆனால் பழம் நறுக்கிய விரலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை ஸ்பிரிட் பஞ்சு முழுசாக எடுப்பதில்லை. மெஷின் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பொடிச் சொட்டு ரத்தம். அதில் பழச்சாறு துளியளவு கலந்தாலே எண் எங்கேயோ போய்விடும். ஆரஞ்சு, திராட்சை, கிவி உரித்த கையோடு சோதித்துப் பார்த்து, 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை டயாபடீஸ் கேர் இதழில் எழுதினார்கள். தண்ணீரில் கழுவினால் மட்டுமே அளவு சரியாக வந்தது.

உப்புத் தண்ணீரானாலும் பரவாயில்லை, சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, வேறு விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன். போனை வைக்காமல் காத்திருந்தேன். மெஷின் பீப் என்று கத்தியது எனக்கே கேட்டது.

138.

அந்த 287ஐ நம்பி ஒரு மாத்திரை அதிகம் போட்டுக்கொண்டு அவர் கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: முதலில் சோதனை, அப்புறம்தான் பழத்தைத் தொடுவது. தண்ணீரும் மிச்சம், குழப்பமும் இல்லை.

இப்போது அவர் குடிப்பது

நடுத்தரக் கொய்யா ஒன்று, கனிந்தது, சுமார் 100 கிராம். இல்லாவிட்டால் பப்பாளித் துண்டுகள் 120 கிராம். அவருடைய சின்னக் கிண்ணத்தில் தலைதட்டி ஒரு கிண்ணம். புளிக்காத தயிர் 100 கிராம். தோலோடு வறுத்த கடலை 20 கிராம், அவருடைய கையால் ஒரு சின்னப் பிடி. 20 நிமிஷம் ஊறிய சப்ஜா ஒரு ஸ்பூன். தண்ணீர் அரை டம்ளர். கடலையை முதலில் தனியாகப் பொடித்துக்கொண்டு, பழத்தைப் போட்டு ஒரு சுற்று, கடைசியில் தயிரும் தண்ணீரும் விட்டு இன்னொரு சுற்று. சப்ஜாவை அரைக்கக் கூடாது, கடைசியில் கலக்க வேண்டும். மாவுச்சத்து 22, 23 கிராம் வரும். புரதம் சுமார் 10 கிராம்.

இதோடு இரண்டு இட்லியும் முந்தின நாள் மீன்குழம்பும். வெறும் ஸ்மூத்தியைக் குடித்துவிட்டு ஆறு மணி நேரம் கடலில் நிற்பதற்கு நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். டம்ளரையும் மாற்றினோம். பழைய டம்ளர் இப்போது தண்ணீர் மோந்து குடிக்க மட்டும். இது கிண்ணத்தில், கரண்டியோடு. கெட்டியாக இருப்பதால் கேப்பைக்கூழ் குடிப்பதுபோல் உட்கார்ந்து பத்து நிமிஷம் குடிக்கிறார்.

ருசிதான் கடைசிவரை தகராறு செய்தது. கருப்பட்டிக்குப் பழகிய நாக்குக்கு இது உப்புச்சப்பு இல்லாமல் இருந்தது. ஏலக்காய் சொன்னேன், இஞ்சி சொன்னேன், ஒன்றும் எடுபடவில்லை. அவரே ஒரு நாள் வழி கண்டுபிடித்தார். கல் உப்பு ஒரு சிட்டிகை, நம் ஊர் முண்டு மிளகாயை இடித்த பொடி ஒரு சிட்டிகை.

"கொய்யாப்பழத்துக்கு மிளகாப்பொடி இல்லாம எப்படி தாயி?"

பள்ளிக்கூட வாசலில் நாமெல்லாம் தின்றதுதானே! 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு இப்படி ஒரு உபயோகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானும் குடித்துப் பார்த்தேன். இனிப்பு ஞாபகத்துக்கே வரவில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை விட்டுவிட்டு மிளகாய்ப்பொடி மட்டும் தூவலாம்.

நுங்கு வரும் மாதங்களில் மூன்று சுளையை மேல்தோலோடு சேர்த்துக்கொள்கிறார். அது பெரும்பாலும் தண்ணீர்தான், கெட்டி கொடுக்கும், அதிகம் ஏற்றாது. கடையில் நுங்கோடு ஊற்றிக் கொடுக்கும் சர்க்கரைப் பாகும் பதநீரும் வேண்டாம். மாம்பழம் ஆசைக்கு அரைப் பழம், கொய்யாவுக்குப் பதிலாக. வாழைப்பழமும் அப்படியே, சின்னதில் பாதி. சப்போட்டாவைத் தவிர்க்கச் சொன்னேன், 100 கிராமில் 20 கிராம் மாவுச்சத்து. நாவல்பழம் சர்க்கரையைக் கரைத்துவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நாவல் ஒரு நல்ல பழம், கொய்யா போல அளவோடு சேர்க்கலாம். மாத்திரையின் வேலையை அது செய்யாது.

கடலுக்குப் போகும் நாள்

இது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால், அளக்க வழியில்லாத இடத்தில் நடுக்கமும் வியர்வையும் வந்தால், இந்த ஸ்மூத்தி உதவாது. நாரும் கடலையும் தயிரும் சர்க்கரையை மெதுவாக விடுவதற்காகச் சேர்த்தவை. அவசரத்தில் அந்த மெதுவே ஆபத்து. அப்போது தேவை நேரடிச் சர்க்கரை, 15 கிராம். மூன்று ஸ்பூன் சீனி அல்லது குளுக்கோஸ் பொடி தண்ணீரில். 15 நிமிஷம் பார்த்துவிட்டு, தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்தபின் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் குளுக்கோஸ் பொடி போட்டு வல்லத்தில் கட்டி வைத்தோம். எங்கே இருக்கிறது, எப்போது கொடுக்க வேண்டும் என்று கூட வரும் பெண்கள் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தோம். முக்குளிக்கிறவர் தன் நடுக்கத்தைத் தானே கவனிக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். மாத்திரை விஷயத்தை மருத்துவரிடம் விட்டேன். காலை மாத்திரையில் அவர் மாற்றம் செய்தார். என்ன மாற்றம் என்று இங்கே எழுதவில்லை. அது அந்த அம்மாவின் உடம்புக்கும் வேலைக்கும் பார்த்துச் செய்தது, இன்னொருவர் பார்த்துச் செய்துகொள்ளக் கூடாது.

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தச் செய்முறையை நான் கொடுக்க மாட்டேன். கொய்யாவிலும் கடலையிலும் பொட்டாசியம் நிறைய. இளநீர் ஊற்றி அரைப்பது அவர்களுக்கு இன்னும் ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் காலை உணவை இப்படி மாற்ற வேண்டாம். நல்ல பல் இருப்பவர்களுக்கு என் பதில் பழையதுதான்: கொய்யாவைக் கழுவிக் கடித்துத் தின்னுங்கள்.

நான்கு மாதம் கழித்து

செப்டம்பரில் எச்பிஏ1சி 7.6. வெறும் வயிற்றில் 132. கண் இருட்டல் அதற்குப் பின் ஒரு முறைகூட வரவில்லை. இந்த இறக்கத்தை எல்லாம் கிண்ணத்தின் கணக்கில் எழுத மாட்டேன். மாத்திரை மாறியது, மதியச் சோறு ஒரு கரண்டி குறைந்து மீனும் கீரையும் கூடியது, தடைக்காலம் முடிந்து மகன் கடலுக்குப் போனதில் வீட்டுக் கவலையும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் காலையில் 75 கிராமாக உள்ளே போனது 23 கிராம் ஆனதும், இரண்டு நிமிஷம் பத்து நிமிஷம் ஆனதும் சின்ன விஷயம் இல்லை.

மிச்சம் இருப்பது கால். பாறையில் கிழித்த ஒரு காயம் குதிகாலில் ஆற நாளாகிறது. வாரம் ஒரு முறை கட்டு மாற்ற அனுப்புகிறேன். அது ஆறும்வரை கடலுக்குப் போக வேண்டாம் என்று சொன்னதைப் பாதிதான் கேட்கிறார்.

போன வாரம் அவரைப் பார்க்கப் போனபோது வீட்டில் இல்லை. கரையில் இருந்தார். வல்லம் நனைய இன்னும் நேரம் இருந்தது. அந்த வல்லத்தில் போகும் பெண்களில் இன்னும் இரண்டு பேருக்குச் சர்க்கரை உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அதில் ஒருவர் புதிதாக மெஷின் வாங்கியிருந்தார். கையில் பாதி நறுக்கிய கொய்யா, மடியில் மெஷின். இவர் அந்தக் கொய்யாவைப் பிடுங்கித் தட்டில் வைத்துவிட்டு, தன் குடத்தில் இருந்த நல்ல தண்ணீரையே அவர் கையில் ஊற்றினார்.

"கழுவு முதல்ல. நாளையில இருந்து பழத்தைத் தொடுறதுக்கு முன்னாடி ஊசியைக் குத்து."